பொது ஜெபத்தில் பிரதமரின் பெயர்: ஆமென் சொல்லத்தான் வேண்டுமா?

4 ஜூன் 2024, இரவு 9.40

திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது, அவர் வார்த்தையிலேயே (ஐயர் என்று அவர் சொல்வது சபையின் போதகரை):

"டீச்சர், காலையிலேர்ந்து டிவி முன்னாடிதான் உக்காந்திருந்தேன். எங்க தொகுதியில நான் போட்ட ஓட்டு ஜெயிச்சிருச்சு, டெல்லியில ஜெயிக்கல. வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஐயர் புது அரசாங்கத்துக்காகப் பிரதமர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவாரு. பத்து வருசமா அந்த இடம் வந்தா நான் வாயை மூடிக்குவேன். ஆமென் சொன்னா அவங்க செய்யிறதுக்கெல்லாம் நானும் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கு. சொல்லலைன்னா வேதத்துக்குக் கீழ்ப்படியாத மாதிரி இருக்கு. என்ன பண்றது?"

4 ஜூன், இரவு 11.15

ஆமென் சொல்லுங்கள் தம்பி. எதற்கு ஆமென் சொல்கிறோம் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

1 தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து முதல் இரண்டு வசனத்தை நிதானமாக வாசியுங்கள். எல்லா மனுஷருக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டு, அதற்குள்தான் ராஜாக்களும் அதிகாரமுள்ளவர்களும் வருகிறார்கள். "அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்" என்ற பேச்சே அங்கே இல்லை. நாம் "கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படிக்கு" என்றுதான் காரணம் சொல்லியிருக்கிறது. பவுல் காலத்தில் ரோமாபுரியில் சிங்காசனத்தில் இருந்தவன் நீரோ. பவுலுக்கு அவனைப் பிடித்திருக்கும் என்று யாராவது நினைக்க முடியுமா? அந்த ஆட்சியில்தான் அவர் தலை போனது என்பது சபையின் பாரம்பரியம்.

மீதி நாளைக்கு. கண் எரிகிறது, நானும் காலையிலிருந்து டிவிதான்.

5 ஜூன், காலை 6.30

படுத்தும் தூக்கம் வரவில்லை. உங்களுக்குப் பெரிய மனுஷி மாதிரி "ஆமென் சொல்லுங்கள்" என்று எழுதிவிட்டேன். நான் செய்ததைச் சொல்லாமல் அப்படி எழுதியது சரியில்லை.

எங்கள் சபையில் பொது ஜெபத்துக்கு ஒரு நோட்டு உண்டு. காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. முன்பிருந்த உபதேசியார் ஒருவர் தம் கையால் எழுதி வைத்தது. அதிகாரிகளுக்கான பத்தியில் மட்டும் பெயர்களைப் பென்சிலில் எழுதியிருப்பார். குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர், ஆட்சியர் என்று வரிசையாக. ஆட்சி மாறினால் ரப்பரால் அழித்துவிட்டு அடுத்த பெயர். எத்தனையோ தடவை அழித்து அழித்து, அந்த நாலு வரி இருக்கும் இடத்தில் தாள் மெலிந்து, விளக்குக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்து எழுத்து தெரியும்.

2014 மே 16 வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொது ஜெபம் என் முறை. சனிக்கிழமை சாயங்காலம் நோட்டை வாங்கி வந்து பழைய பெயரை அழித்தேன். புதுப் பெயரை எழுதவில்லை. மறுநாள் பீடத்துக்கு முன்னால் நின்று, "எங்கள் தேசத்தை ஆளுகிற யாவருக்காகவும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கடந்துவிட்டேன். ஆராதனை முடிந்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மெழுகுவர்த்தியை அணைத்துக்கொண்டே, "பேரு விட்டுப்போச்சே டீச்சர்" என்றார். "மறந்துட்டேன் அண்ணே" என்றேன். மறக்கவில்லை. பீடத்துக்கு நாலடி தூரத்தில் நின்று பொய் சொன்னேன்.

தம்பி வாயை மூடிக்கொண்டது அவர் மட்டில் நின்றது. நான் சபைக்காகப் பேச நின்ற இடத்தில் மூடினேன். இரண்டும் ஒன்றல்ல.

5 ஜூன், இரவு

"டீச்சர் எந்தக் கட்சி?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் தேர்தல் வேலை பார்த்தவள், அந்தப் பழக்கம் விடாது.

2019இல் தமிழ்நாட்டுக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 18. அன்று பெரிய வியாழன், புனித வெள்ளிக்கு முந்தின நாள். தேதியை மாற்றச் சொல்லிக் கிறிஸ்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், நடக்கவில்லை. மதுரையில் சித்திரைத் திருவிழா என்பதால் அங்கே மட்டும் இரவு 8 மணிவரை நேரம் நீட்டினார்கள். எனக்கு அன்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரிய வியாழன் திருவிருந்துக்குப் போகாமல் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். மனசு கசந்துபோய்த்தான் மாதிரி வாக்குப்பதிவு நடத்தினேன்.

பத்து மணி வாக்கில் ஒரு பாட்டி வந்தது. நடவு ஆள். கால் வெடிப்பில் சேறு காய்ந்திருந்தது. மை வைக்கும் பெண் இடது கை ஆட்காட்டி விரலைப் பிடித்தால் நகமே இல்லை, பாதி தேய்ந்து சதையோடு ஒட்டிக் கிடந்தது. எங்கே வைப்பது என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் எழுந்து போய் நகக்கண் இருக்கவேண்டிய இடத்திலிருந்து முதல் கணுவரை குச்சியால் இழுத்துவிட்டேன். பாட்டி விரலை ஊதிக்கொண்டே, "இது எத்தினி நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டது. "அழிய நாளாகும்." "இருக்கட்டும், நடவுக்குப் போறப்ப சேத்துல தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனது.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினோம். 17சி படிவத்தில் எண்ணிக்கையை எழுதி, இயந்திரத்துக்கு அரக்கு வைத்துக்கொண்டிருக்கும்போது தூரத்தில் எங்கள் கோயில் மணி. பிறகு ஒலிபெருக்கியில் பாட்டு. அந்தத் திருவிருந்தில் நான் இல்லை. ஆனால் அந்தப் பாட்டி விரலை நான் பிடித்தேனே, அதுவும் ஒரு ஊழியம்தான் என்று அன்று தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

இதை ஏன் எழுதினேன் என்றால், புதிதாக வருகிறவர்களைப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்த விரல்கள்தான் அவர்களை உட்கார வைத்திருக்கின்றன. இந்தத் தடவை 64 கோடிப் பேர் ஓட்டுப் போட்டதாகத் தேர்தல் ஆணையம் சொல்கிறது. தீமோத்தேயுவில் விண்ணப்பம், ஜெபம், வேண்டுதலோடு "ஸ்தோத்திரங்களையும்" என்று ஒரு சொல் இருக்கிறது. ராஜாக்களுக்காக ஸ்தோத்திரமா என்று அந்தச் சொல்லில் நான் வருஷக்கணக்காக முட்டிக்கொண்டிருந்தேன். விரல்களுக்காக என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடியும். அதிலிருந்து தொடங்கலாம்.

6 ஜூன், மதியம்

ஒரு அண்ணன், ரோமர் 13 இருக்கும்போது பேச்செதற்கு, "எந்த அதிகாரமும் தேவனாலேயன்றி இல்லை, அடங்கிப்போவதுதான் கிறிஸ்தவன் வேலை" என்கிறார்.

ரோமர் 13 என் வேதத்திலும் இருக்கிறது அண்ணே. அதே வேதத்தில் ஓசியா 8:4 இருக்கிறது, ஜனங்கள் ராஜாக்களை ஏற்படுத்திக்கொண்டார்கள், "ஆனாலும் என்னாலே அல்ல" என்கிறார் ஆண்டவர். தாவீதின் அரமனைக்குள் போய் "நீயே அந்த மனுஷன்" என்ற நாத்தானும் இருக்கிறான். ஏரோதை "நரி" என்றவர் நம் ஆண்டவர்தான், லூக்கா 13இல். ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நின்ற பேதுரு, மனுஷரைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்றார். அதே பேதுரு தம் நிருபத்தில் "எல்லாரையும் கனம்பண்ணுங்கள்" என்று எழுதிவிட்டு, வசனம் முடியும் இடத்தில் "ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்கிறார். நடவுப் பாட்டிக்கு என்ன சொல்லோ அதேதான் ராஜாவுக்கும், கனம்பண்ணுதல். பயம் மட்டும் நடுவில் தனியாக நிற்கிறது, "தேவனுக்குப் பயந்திருங்கள்". ராஜாவுக்குப் பயப்படச் சொல்லி பேதுரு அங்கே எழுதவில்லை.

நம்மூர்க் கதைக்கு வருகிறேன். தரங்கம்பாடி போனவர்கள் புது எருசலேம் ஆலயத்தின் முகப்பை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். டென்மார்க் அரசர் நாலாம் பிரெடரிக்கின் பெயரெழுத்தும் கிரீடமும் மேலே இருக்கும். மிஷனரி சீகன்பால்கை இங்கே அனுப்பியவர் அந்த அரசர். 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்க் வந்து இறங்கினார். ராஜா அனுப்பிய ஆள், ராஜாவின் கோட்டை. ஆனாலும் 1708 கடைசியில் அந்த ராஜாவின் தளபதியே அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டான். சச்சரவில் முக்கியமான ஒன்று, கடன் விவகாரத்தில் ஒரு ஏழைத் தமிழ் விதவைக்காக அவர் பரிந்து பேசியது. ராஜாவுக்காக ஜெபம்பண்ணும் சபையின் போதகர், ராஜாவின் அதிகாரியிடம் விதவைக்காக வாய் திறந்து, உள்ளே போனார். எங்கள் சபையெல்லாம் அவர் வழியில் வந்தவை. முகப்பில் கிரீடம் இருக்கிறது என்று பெருமைப்படுகிற நாம், அந்த நாலு மாதத்தையும் சேர்த்து நினைக்க வேண்டாமா?

அந்த ஆலயம் 1707இல் கட்டியது.

7 ஜூன்

திருத்தம். நேற்று கடைசி வரி தவறு. 1707இல் கட்டியது முதல் எருசலேம் ஆலயம், அது கடலோடு போயிற்று. இப்போது நாம் பார்க்கும் புது எருசலேம் ஆலயம் 1718. அடுத்த வருஷம் பிப்ரவரியில் சீகன்பால்க் இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். சுட்டிக்காட்டிய பொறையார்த் தங்கைக்கு நன்றி.

7 ஜூன், இரவு

இன்னொருவர் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்தான், டெல்டாக்காரர்தான். "எனக்கு டெல்லி முடிவு சந்தோஷம். நிலையான ஆட்சி வேண்டும் என்று ஜெபித்தேன், கிடைத்தது. சபையில் அதைச் சொன்னால் என்னைத் துரோகி மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கும் உங்கள் பதில் உண்டா?"

உண்டு தம்பி. முதலில், உங்களைத் துரோகி என்று பார்ப்பது தப்பு. ஓட்டு ரகசியம் என்று சட்டம் சொல்கிறது. திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொள்கிறவர்கள் ஒருவர் ஓட்டை ஒருவர் மோப்பம் பிடிக்கக் கூடாது. இரண்டாவது, தோற்றவனுக்குக் கசப்பு சோதனை என்றால் ஜெயித்தவனுக்கு நம்பிக்கையே சோதனை. சங்கீதம் 146 சொல்கிறது, பிரபுக்களை நம்பாதேயுங்கள் என்று. நம் எம்.பி.யும் பிரபுதான், டெல்லியில் இருப்பவரும் பிரபுதான். உங்கள் ஆள் தப்புச் செய்யும் அன்று அதைத் தப்பு என்று முதலில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான், ஏனென்றால் நீங்கள் சொன்னால்தான் அவர் காதில் ஏறும். திருவாரூர்த் தம்பிக்கும் இதே பங்கு உண்டு, அவர் ஜெயிக்க வைத்தவர்களிடம்.

9 ஜூன், ஞாயிறு இரவு

இன்றைக்குப் பொது ஜெபம் என் முறை இல்லை, ஐயரே வாசித்தார். பிரதமர் பெயர் வந்த இடத்தில் அவர் குரல் மாறவில்லை. ஆட்சியர் பெயருக்கு என்ன குரலோ அதே குரல். பெண்கள் பக்கம் நடு வரிசையில் ஒரு அமைதி விழுந்தது, எனக்குத் தெரிந்த அமைதி. முன்னால் உட்கார்ந்திருந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எப்போதும்போல ராகமாக "ஆஆமென்" என்று இழுத்தார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போது தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அடைத்தது.

சாயங்காலம் பதவியேற்பு. பார்த்தேன். அவர்கள் சத்தியப்பிரமாணம் எடுக்கும்போது ஒவ்வொருவரும் "பயமோ பட்சபாதமோ, விருப்போ வெறுப்போ இன்றி எல்லாருக்கும் நியாயம் செய்வேன்" என்கிற பொருளில் ஒரு வரி சொல்கிறார்கள், கவனித்தீர்களா? அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கும் வரி. என் ஜெபத்துக்கு அதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. "ஆண்டவரே, இவர் இப்போது வாயால் சொன்னதைக் கையால் செய்ய வையும்." இன்று இரவு அவ்வளவுதான் ஜெபித்தேன்.

12 ஜூன்

மேட்டூர் திறக்கவில்லை. ஜூன் 12 என்றால் இந்தப் பக்கம் ஒரு பண்டிகை நாள் மாதிரி. இந்த வருஷம் அணையில் தண்ணீரே இல்லை. பம்புசெட் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டுவிட்டார்கள். எனக்கு இருப்பது வீரசோழன் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர், போர் கிடையாது. தரிசாகக் கிடக்கிறது.

வரப்போரமாகப் பக்கத்து வயல்காரர் வந்தார். சிவன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், என்னை "அக்கா" என்பார். "உங்க கோயில்ல டெல்லிக்காரங்களுக்கு ஜெபம் பண்ணீங்களாமே, தண்ணிக்கும் சேத்துக் கேட்டீங்களா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நாலு மா நிலம், மூன்று பெண் பிள்ளைகள்.

நீதிமொழிகள் 21:1 எனக்குச் சின்ன வயசிலிருந்து மனப்பாடம். "ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது, அதைத் தமது சித்தத்தின்படி அவர் திருப்புகிறார்." மற்ற ஊர்க்காரர்கள் இதை எப்படி வாசிப்பார்களோ தெரியாது. கடைமடையில் பிறந்தவள் நான் வாசித்தால் என் அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு மடையில் நிற்பது தெரியும். மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டி இந்தப் பக்கம் அடைத்து அந்தப் பக்கம் திறப்பார். தண்ணீர் சத்தமில்லாமல் திரும்பும். வாய்க்கால் தானாகத் திரும்பியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காவிரியில் நம் பங்கு 177.25 டி.எம்.சி. என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதை நிறைவேற்ற மேலாண்மை ஆணையம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. மழை பெய்வது ஆண்டவர் கையில். பெய்ததைப் பகிர்வது டெல்லியும் மாநிலங்களும் உட்காரும் மேஜையில். அந்த மேஜையில் இருப்பவர்கள் பெயரை நான் ஜெபத்தில் விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் கேட்பது எப்படி? பக்கத்து வயல்காரரிடம் "கேட்டேன் தம்பி" என்று சொல்ல முடியவில்லை. "வர்ற ஞாயிறு கேக்குறேன்" என்றேன்.

15 ஜூன்

"நாம் சிறுபான்மை. தலையைக் குனிந்து, ஜெயித்தவர்களுக்கு ஒரு சால்வை போட்டு, பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் காப்பாற்றிக்கொண்டால் போதும்" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வயதில் மூத்தவர், மரியாதையோடு மறுக்கிறேன்.

நானும் சால்வையோடு போனவள். சில வருஷங்களுக்கு முன், புதிதாக ஜெயித்த ஒருவரைப் பார்க்கச் சபையிலிருந்து ஒன்பது பேர் போனோம். யார், எந்தக் கட்சி என்பது வேண்டாம். போகிற வேனில், காலனித் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் வராததைச் சொல்வதென்று முடிவு. மூன்று மணிநேரம் வாசலில் நின்றோம். உள்ளே கூப்பிட்டார்கள். சால்வை போட்டோம், போட்டோ எடுத்தார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தோம். இரண்டு நிமிஷம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் குழாயை யாருமே சொல்லவில்லை என்று தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் பையில் எழுதி வைத்த மனு மடித்தபடியே இருந்தது. ஜெபிக்கும்போது பெயரை விழுங்கினேன், நேரில் நிற்கும்போது ஊர்ப் பிரச்சினையை விழுங்கினேன். ஒரே வியாதிதான்.

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி சுவார்ட்ஸ் ஆலயம் இருக்கிறதே, உள்ளே போனால் ஒரு பளிங்குச் சிற்பம். மரணப் படுக்கையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருப்பவர் சரபோஜி மன்னர். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தவரும் அந்த மன்னர்தான். மன்னர் கடைசிவரை மதம் மாறவில்லை, ஐயரும் அவரைத் தகப்பன் மாதிரி பார்த்துக்கொண்டதை நிறுத்தவில்லை. 1779இல் சென்னை கவர்னர் கேட்டதற்காக ஹைதர் அலியிடம் தூது போனார். ஹைதர் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். அதைக் கொண்டுவந்து கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார், வேண்டாம் என்று சொன்னதும் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கு வைத்துவிட்டார். நாம் சால்வை கொண்டுபோகிறோம், அவர் தமக்குக் கொடுத்ததையே வைத்துக்கொள்ளவில்லை.

15 ஜூன், இரவு

மறுபடி யோசித்தேன். சுவார்ட்ஸைக் காட்டிப் பேசியது முழுக்க சரியா? சமாதானத் தூது என்று அவர் நம்பிப் போனார், அடுத்த வருஷமே யுத்தம். கம்பெனி அவரைப் பயன்படுத்திக்கொண்டது என்ற வருத்தம் அவருக்கே இருந்திருக்கிறது. அவ்வளவு சுத்தமான கையைக்கூட அதிகாரம் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்றால், கிறிஸ்துமஸ் கேக் விருந்தில் தலைவர்களோடு மேடையேறுகிற நம் தலைவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! போகவே கூடாது என்று சொல்லவில்லை. கையில் மனு இல்லாமல் போகக் கூடாது. அவ்வளவுதான் என் கட்சி.

18 ஜூன்

"அமைதலுள்ள ஜீவனம்" பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் நாள் அந்த வசனத்தைச் சுலபமாக எழுதிவிட்டேன்.

1968 டிசம்பர் 25 ராத்திரி, நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி கூடக் கேட்ட தாழ்த்தப்பட்ட ஜனங்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். எனக்கு அப்போது ஐந்து வயது. அன்று ராத்திரி எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டு பாடி, புதுச் சட்டையோடு தூங்கினோம் என்று அம்மா சொல்லி அழுவாள். "நம்ம ஊரு அமைதியாத்தான் இருந்துச்சு" என்பாள். அந்த அமைதியையா பவுல் கேட்கச் சொன்னார்? எரேமியா 29:7இல் சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறார் தேவன், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." பட்டணம் என்றால் காலனித் தெருவும் சேர்த்துத்தான்.

இதில் டெல்லிக்குச் சொல்லவேண்டிய ஒரு காரியம் எழுபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். நமக்கு இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் நம் சட்டசபை தீர்மானம் போட்டு அனுப்பியது. எந்தக் கட்சி டெல்லியில் இருந்தபோதும் இது நகரவில்லை, ஆகவே யாரும் யாரைப் பார்த்தும் விரல் நீட்ட வேண்டாம். எங்கள் குருசேகரத்தில், அதாவது எங்கள் போதகருக்குக் கீழ் வரும் சபைகளில், பாதிக்கு மேல் இந்தக் குடும்பங்கள்தான். நாற்று பறிக்கும் கூலிக்காரரின் மகள், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போலவே அதே தெருவில் பிறந்து அதே அவமானத்தைப் பட்டு, கல்லூரி விண்ணப்பத்தில் மட்டும் வேறு ஆளாகிறாள். சபைக்குள்ளே நாம் தனிக் கல்லறை வைத்திருந்ததை மறைத்துவிட்டு இதைக் கேட்கவும் எனக்கு வெட்கம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

26 ஜூன்

நம் எம்.பி.க்கள் நேற்று பதவியேற்றார்கள். மயிலாடுதுறை காங்கிரஸ், தஞ்சாவூர் தி.மு.க., நாகப்பட்டினம் இந்தியக் கம்யூனிஸ்டு. மூவரும் மக்களவைக்குப் புதியவர்கள். பிரதமரைப் பற்றியே மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இவர்களும் தேசத் தலைவர்கள்தானே? பத்து வருஷம் காலியாகக் கிடந்த எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலிக்கும் ஆள் வந்திருக்கிறது. அவருக்கும் ஜெபம் உண்டு. கேள்வி கேட்பவரும் "அதிகாரமுள்ள யாவரும்" என்பதற்குள் அடக்கம்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நேற்று ஒரு கடிதம் எழுதினோம். 1950 ஆணை. காவிரி. மூன்றாவதாக 1986இல் நின்றுபோன மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயில். ரயிலை யார் சேர்த்தது என்று கேட்காதீர்கள், மருமகள் வீட்டுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற ஒரு அக்கா விடவே மாட்டேன் என்றாள், அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. முப்பத்தொரு கையெழுத்து, நாலு கைநாட்டு. எம்.பி.க்கு ஒன்று, பிரதமர் அலுவலகத்துக்கு ஒன்று. இரண்டையும் பதிவுத் தபாலில் போட்டோம். மேலே "உங்களுக்காக ஒவ்வொரு ஞாயிறும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம்" என்று முதல் வரி. அதை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது. இனி அது பொய்யாகிவிடக் கூடாதே.

8 ஜூலை

திருவாரூர்த் தம்பி எழுதியிருக்கிறார்: "டீச்சர், நேத்து சொன்னேன். சத்தமா இல்ல, உதட்டளவுல." போதும் தம்பி. மனசு பின்னால் வரட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

பிரதமர் அலுவலகத்திலிருந்து மனு கிடைத்ததாகப் பதிவு எண் வந்திருக்கிறது. எம்.பி. அலுவலகத்திலிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. பார்க்கலாம்.

3 ஆகஸ்டு

ஜூலை 28இல் மேட்டூர் திறந்தார்கள். கர்நாடகத்தில் கொட்டித் தீர்த்த மழை, யாரையும் கேட்டுக்கொண்டு பெய்யவில்லை. எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை, குத்தாலத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். வாய்க்கால் தலைப்பில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. பக்கத்து வயல்காரரும் நானும் இன்னும் நாலைந்து பேரும் காலையிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். "நீங்க எதுக்குக்கா இறங்குறீங்க" என்றார். இறங்கினேன். முழங்கால்வரை சேறு.

நாளைக்குப் பொது ஜெபம் என் முறை. நோட்டு மேஜை மேல் திறந்து கிடக்கிறது. தாள் மெலிந்த அந்த இடத்தில் பென்சில் அழுந்தினால் கிழியும் என்று ஐயரிடம் கேட்டு, மேலே ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். குடியரசுத் தலைவர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர், எங்கள் எம்.பி., ஆட்சியர். ஆறு பெயரையும் எழுதிவிட்டேன். நகத்தில் இருந்த சேறு பட்டு எம்.பி. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறை. பசை காய்கிறது.